வெறும் லாரிக்கு 24,380 கிலோ: எடை மேடை நிரல் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

எஃகு ஆலை ஒன்றின் பழைய இரும்புக் கிடங்கில் நடந்தது இது. இரும்பு ஏற்றி வரும் லாரி வாசலில் உள்ள எடை மேடையில் சரக்கோடு ஒருமுறை ஏறி நிற்கும். இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெறும் வண்டியாக இன்னொருமுறை ஏறும். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் வியாபாரிக்குப் பணம். ஒரு நாளைக்குச் சுமார் நூறு வண்டி வரும். ஆகவே இருநூறு எடை.

மேடைக்கு அடியில் எடையை உணரும் லோட் செல்கள். அவற்றின் கணக்கை எண்ணாகக் காட்டும் இண்டிகேட்டர் பெட்டி மேடையறையில் இருந்தது. அதிலிருந்து ஒரு சீரியல் கேபிள் கணினி அறைக்குப் போனது. அங்கே இருந்தது ஓப்பன்வி.எம்.எஸ். (சுருக்கமாக வி.எம்.எஸ்.) ஓடும் ஓர் ஆல்ஃபா கணினி. எடை வாங்கும் நிரலை வாக்ஸ் கணினிக் காலத்தில் ஒருவர் ஃபோர்ட்ரானில் எழுதியிருந்தார். ஆல்ஃபா வந்தபோது அதை மறுபடி கம்பைல் செய்ததோடு சரி, உள்ளே யாரும் கை வைக்கவில்லை. எழுதியவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்த நிரலைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடமும் ஓர் இளம் நிரலரிடமும் இருந்தது.

வி.எம்.எஸ். என்ற பெயரே இன்று பலருக்குப் புதிதாக இருக்கலாம். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1977-இல் வாக்ஸ் கணினியோடு சேர்த்து அறிவித்த இயங்குதளம் அது. பிறகு ஆல்ஃபாவுக்கும் இட்டேனியத்துக்கும் போனது. 2022-இல் இன்றைய சாதாரண சர்வர்களில் ஓடும் பதிப்பும் வந்தது. இந்திய ரயில்வேயின் முன்பதிவுக் கணினிகள், சென்னை மையம் உட்பட, நெடுங்காலம் இதில்தான் ஓடின. நம்பகத்துக்குப் பேர்போன அமைப்பு. இந்த நிகழ்விலும் அது எந்தத் தவறும் செய்யவில்லை. அது சொன்ன பதிலைக் கேட்காமல் விட்டது எங்கள் நிரல்தான்.

நிரலின் வேலை எளிமையானது. மேடையறையில் இருப்பவர் ஒரு விசையை அழுத்துவார். நிரல் இண்டிகேட்டருக்கு ஒரு கேள்வி எழுத்தை அனுப்பும். இண்டிகேட்டர் எடை நிலைபெற்றதும் ஒரு வரி எண்ணைத் திருப்பி அனுப்பும். அதற்காக நிரல் அதிகபட்சம் 3 நொடி காத்திருக்கும். வந்த வரி பஃபர் எனப்படும் ஒரு தற்காலிக நினைவிடத்தில் உட்காரும். பஃபரிலிருந்து எடுத்து முதலில் எடைச் சீட்டு அச்சாகும். பிறகு அதே பஃபரிலிருந்து எடுத்துப் பதிவேட்டுக் கோப்பில் ஒரு வரி எழுதப்படும். எடை இரண்டு தடவை பஃபரிலிருந்து எடுக்கப்படுகிறது என்ற இந்தச் சின்ன விவரம்தான் பின்னால் எங்களுக்குத் துப்புக் கொடுத்தது.

புகார் வந்த விதம்

முதலில் சொன்னவர் ஒரு லாரி ஓட்டுநர். இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு மேடையில் நின்றவருக்கு 24,380 கிலோ என்று சீட்டு வந்தது. "அண்ணே, வெறும் வண்டி இருபத்துநாலு டன்னா? முன்னாடி லோடோட போன வண்டிக்குப் போட்ட சீட்டை எனக்குக் குடுத்துட்டீங்க போல" என்றார். மேடையறைக்காரர் முந்தைய சீட்டின் நகலை எடுத்துப் பார்த்தார். 24,380 தான். மறுபடி விசையை அழுத்தினார். சரியான எடை வந்தது. வண்டி போய்விட்டது.

எங்களிடம் இது வந்து சேர்ந்தபோது நாங்கள் மேடையறையில் போய் உட்கார்ந்து விசாரித்தோம். அப்போதுதான் தெரிந்தது, இது முதல் தடவை இல்லை. "எப்பவாவது அப்படி வரும் சார், திரும்ப அழுத்தினா சரியாயிடும்" என்றார் அவர். எப்போதிலிருந்து என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரும்ப அழுத்தினால் சரியாகிவிடும் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்ததே எங்கள் நிரல்தான்.

எனக்குப் பயம் வந்தது வேறொரு காரணத்துக்காக. லோடு வண்டிக்கு அடுத்து வெறும் வண்டி வந்தால் தவறு கண்ணில் படும். லோடு வண்டிக்கு அடுத்து லோடு வண்டியே வந்திருந்தால்? 24,380-க்கும் 23,910-க்கும் யார் சந்தேகப்படுவார்கள்? சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

முதலில் எடுத்த முடிவு

இண்டிகேட்டரைச் சந்தேகித்தோம். பராமரிப்பு ஆட்கள் வந்து சோதனை எடைகளை வைத்துப் பார்த்தார்கள், அதில் குறையில்லை. கேபிளைப் பார்த்தார்கள். மேடையறைப் பக்கத்து இணைப்பின் திருகுகள் தளர்ந்திருந்தன. கனரக வண்டி ஏறி இறங்கும் அதிர்வில் அது நடப்பதுதான். இறுக்கினார்கள். புகார் கிட்டத்தட்ட நின்றுபோனது.

நானும் நிரலைத் திறந்து பார்த்தேன். எடையை வாசிக்கும் அழைப்புக்கு அடுத்த வரியிலேயே அதன் ஸ்டேட்டஸைச் சோதித்து, தோல்வி என்றால் பிழையை அறிவிக்கும் வரி ஒழுங்காக இருந்தது. பிழைப் பதிவில் ஒன்றுமே இல்லை. "நிரலில் தவறில்லை, கேபிள் கோளாறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கேபிள் தளர்ந்திருந்தது உண்மை. இறுக்கியதால் குறைந்ததும் உண்மை. ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை.

சீட்டில் ஒன்று, பதிவேட்டில் ஒன்று

சில வாரம் கழித்துக் கணக்குப் பிரிவிலிருந்து ஓர் அம்மா நேரில் வந்தார். கையில் ஓட்டுநரின் சீட்டு, கூடவே எங்கள் தினசரி அறிக்கை. "சார், சீட்டுல 24,380. உங்க ரிப்போர்ட்ல 9,160. ரெண்டும் உங்க மெஷின்ல வந்ததுதான். எதை நம்பி நான் பில் போடுறது?"

முந்தைய புகார்களில் சீட்டும் பதிவேடும் ஒரே தவறான எடையைக் காட்டின. இதில் சீட்டு தவறு, பதிவேடு சரி. அதாவது அச்சடித்தபோது பஃபரில் பழைய எடை இருந்திருக்கிறது. ஒரு நொடி கழித்துப் பதிவேட்டில் எழுதியபோது புதிய எடை இருந்திருக்கிறது. யாரும் தொடாமல் பஃபர் நடுவில் மாறியிருக்கிறது.

என்னோடு இருந்த இளைஞர் அப்போது கேட்டார்: "சார், அன்னிக்கே ஒண்ணு தோணுச்சு. கேபிள் லூஸா இருந்தா எடையே வரக்கூடாதுல்ல? பழைய எடை ஏன் சார் வருது?"

நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. மூடிய கோப்பை அன்றைக்கே மறுபடி திறந்தோம்.

சேவை எந்தெந்த வழியில் பதில் சொல்கிறது

இங்கே கொஞ்சம் நின்று விளக்க வேண்டும். மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது.

வி.எம்.எஸ்.-இல் நிரல் ஒரு சிஸ்டம் சர்வீஸை (இயங்குதளம் நிரல்களுக்குச் செய்துதரும் சேவையை) கூப்பிட்டால், வேலை முடிந்து திரும்பும்போது அது செயலிக்குள் இருக்கும் ஆர்-0 என்ற ரிஜிஸ்டரில் ஒரு 32 பிட் எண்ணை வைத்துவிட்டு வரும். நிரலுக்கு அது ஃபங்ஷனின் மதிப்பாகக் கிடைக்கும். அந்த எண்ணின் கடைசி மூன்று பிட் நடந்ததன் தன்மையைச் சொல்லும்: 0 எச்சரிக்கை, 1 வெற்றி, 2 பிழை, 3 தகவல், 4 கடும் பிழை. மீதிப் பிட்டுகளில் என்ன செய்தி, எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்பது இருக்கும். வெற்றியும் தகவலும் ஒற்றைப்படை. மற்ற மூன்றும் இரட்டைப்படை. ஆகவே ஒரே ஒரு பிட்டைப் பார்த்தாலே நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும். சாதாரண வெற்றியின் எண் 1. கோப்பு முடிந்துவிட்டது என்று கோப்பு நிர்வாகப் பகுதி சொல்லும் எண் 98938. இரட்டைப்படை, எட்டால் வகுத்தால் மீதி 2. வாக்ஸ் ஃபோர்ட்ரானில் ஓர் எண்ணை மெய்யா பொய்யா என்று சோதித்தால் அது கடைசி பிட்டை மட்டுமே பார்க்கும். அதனால் சோதனையை ஒரே வரியில் எழுதிவிடலாம். எங்கள் நிரலில் இருந்ததும் அந்த வரிதான்.

யூனிக்ஸ் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். அங்கே 0 வெற்றி, −1 தோல்வி, காரணம் எர்நோ என்ற தனி மாறியில். லினக்ஸில் தோல்வியின்போது கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, உண்மையில் திருப்புவது −1 முதல் −4095 வரையிலான ஓர் எண். சி நூலகம்தான் அதை எர்நோவில் போட்டுவிட்டு −1 என்று நமக்குத் தருகிறது. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வழக்கம். எதுவும் தவறில்லை, எந்த ஊரில் இருக்கிறோம் என்பது நினைவிருந்தால் போதும்.

ஆனால் ஆர்-0 மட்டுமே பதில் இல்லை. சேவையின் கையேட்டைப் பிரித்தால் பதில் வரும் இடங்கள் தனித்தனியாக எழுதியிருக்கும். சில விவரங்களை, நிரல் முகவரி கொடுத்த இடத்தில் சேவை எழுதிவிட்டு வரும். சில நூலக நடைமுறைகள் பதிலைத் திருப்பாமல் சிக்னலாக எழுப்பும். பிடிக்க ஆள் இல்லாமல், அது கடும் பிழையாகவும் இருந்தால் நிரல் செய்தியோடு நின்றுபோகும். உள்ளீடு-வெளியீட்டுச் சேவைகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. அதுதான் நிலைத் தொகுதி: நிரலே ஒதுக்கிக் கொடுக்கும் 8 பைட் இடம். வேலை உண்மையில் முடியும்போது கணினி அதில் எழுதும். முதல் 2 பைட் முடிவு எண், அடுத்த 2 பைட் எத்தனை எழுத்து வந்தது என்ற கணக்கு, மீதி அந்தச் சாதனத்துக்கு உரியது.

எடையை வாசிக்க நிரல் கூப்பிட்ட சேவையின் பெயர் கியூஐஓடபிள்யூ. 'உள்ளீடு-வெளியீட்டு விண்ணப்பத்தை வரிசையில் போடு, முடியும்வரை காத்திரு' என்பது அதன் பொருள். அது ஆர்-0-இல் 1 என்று சொன்னால், விண்ணப்பம் ஒழுங்காக இருக்கிறது, வரிசையில் ஏற்றுக்கொண்டேன் என்பதுதான் அர்த்தம். வாசித்தேனா, நேரம் தீர்ந்ததா, என்ன வந்தது என்பதெல்லாம் நிலைத் தொகுதியில்.

பதிவுத் தபால் அனுப்பியவர்களுக்கு இது உடனே புரியும். கவுண்டரில் கொடுக்கும் ரசீது, தபால் நிலையம் உறையை வாங்கிக்கொண்டது என்பதற்குச் சான்று. உரியவர் கையெழுத்திட்ட ஒப்புகை அட்டை பிறகு வரும். எங்கள் நிரல் ரசீதைப் பத்திரமாகப் பார்த்துவிட்டு, கடிதம் போய்ச் சேர்ந்தது என்று முடிவுகட்டிக்கொண்டிருந்தது. அதைவிட மோசம், ஒப்புகை அட்டை வேண்டும் என்று அது கேட்கவே இல்லை. அழைப்பில் நிலைத் தொகுதிக்கு உரிய இடம் காற்புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் நடுவே வெறுமையாக இருந்தது. அந்தத் தொகுதியைக் கொடுப்பது கட்டாயமில்லை என்பதால் கம்பைலரும் முணுமுணுக்கவில்லை.

கேபிளைப் பிடுங்கிப் பார்த்த இரவு

ஊகத்தோடு நிற்க வேண்டாம் என்று, வண்டி வராத நேரம் பார்த்து ஒரு சோதனை செய்தோம். முதலில் கேபிள் இணைந்திருக்க ஓர் எடை எடுத்தோம். பிறகு கேபிளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு விசையை அழுத்தினோம். 3 நொடி அமைதி. அதன்பின் அச்சுப்பொறி ஓடி ஒரு சீட்டைத் தந்தது. முந்தைய எடை, இன்றைய தேதி, சரியான நேரம். பிழைச் செய்தி எதுவும் இல்லை.

கேபிள் இணையாத கணினி எடைச் சீட்டு அச்சடிப்பதைக் கண்ணால் பார்த்தபோது எங்கள் இருவருக்கும் பேச்சு வரவில்லை.

பிறகு நிரலின் ஒரு நகலில் நிலைத் தொகுதியைச் சேர்த்து, அதில் வருவதைத் திரையில் காட்ட வைத்தோம். ஆர்-0-இல் 1. நிலைத் தொகுதியில் 556, எழுத்துக் கணக்கு 0. நேரம் தீர்ந்தது என்பதற்கான எண் 556. எட்டால் வகுத்தால் மீதி 4, அதாவது கடும் பிழை. கணினி ஒவ்வொரு தடவையும் சொல்லத் தயாராகத்தான் இருந்தது. கேட்க நாங்கள் காது கொடுக்கவில்லை.

கேபிளை மெல்ல ஆட்டியபடி செய்ததில் இன்னொன்றும் தெரிந்தது. வரியின் பாதி வந்து முடிவு எழுத்து தொலைந்துபோனால், வந்த எழுத்துகள் பஃபரின் முன்பகுதியில் உட்காரும். பின்பகுதியில் பழைய எடையின் இலக்கங்கள் அப்படியே இருக்கும். இரண்டு வண்டிகளின் எடை கலந்த ஒரு புது எண். முந்தைய எடை அப்படியே திரும்பி வந்தாலாவது தேடிக் கண்டுபிடிக்கலாம். இப்படிக் கலந்தால் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

பத்து நிமிடக் கடிகாரம்

இதுவரை கண்டது முதல் வகைப் புகாரை விளக்கியது. கேபிள் இறுகிய பிறகும் நடந்த அந்த 24,380-க்கும் 9,160-க்கும் இது விடை இல்லை. அங்கே எடை ஒழுங்காக வந்திருக்கிறது, கொஞ்சம் தாமதமாக.

விடை எங்கள் கைவேலையிலேயே இருந்தது. சில மாதங்களுக்கு முன், மேடைக் கணினி உயிரோடு இருக்கிறதா என்று மையக் கணினிக்குத் தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சின்னச் செய்தி அனுப்பும் பகுதியை நாங்களே சி மொழியில் எழுதி இந்த நிரலோடு இணைத்தோம். அதற்கு ஒரு டைமர்.

கியூஐஓடபிள்யூ காத்திருப்பது ஒரு நிகழ்வுக் கொடியைப் பார்த்துக்கொண்டுதான். கொடி ஏறினால் வேலை முடிந்தது என்று கொள்ளும். எந்தக் கொடி என்று சொல்லாவிட்டால் 0-ஆம் கொடி. டைமருக்கும் எந்தக் கொடி என்று நாங்கள் சொல்லவில்லை; ஆகவே அதுவும் 0-ஆம் கொடியை ஏற்றியது. எடைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் டைமர் அடித்தால் கொடி ஏறும்; வாசிப்பு முடிந்துவிட்டது என்று நினைத்து நிரல் பழைய பஃபரை அச்சுக்கு அனுப்பும். சற்றுப் பொறுத்து உண்மையான எடை வந்து பஃபரில் விழும். அதற்குப் பிறகு எழுதப்படும் பதிவேட்டில் சரியான எடை.

நிலைத் தொகுதியைக் கொடுத்திருந்தால் இது நடந்தே இருக்காது. விண்ணப்பம் வரிசையில் ஏறும்போது கணினி அந்தத் தொகுதியைப் பூஜ்யமாக்கிவிடும். காத்திருக்கும் பகுதி கொடியோடு தொகுதியையும் பார்க்கும். கொடி ஏறியும் தொகுதி பூஜ்யமாகவே இருந்தால் யாரோ வேறு வேலைக்கு ஏற்றிய கொடி என்று தெரிந்து மறுபடி காத்திருக்கும். தொகுதி கொடுக்காதவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

கணக்கும் பொருந்தியது. ஒரு வாசிப்புக்கு ஏறக்குறைய அரை நொடி, டைமர் 600 நொடிக்கு ஒருமுறை. 1,200 வாசிப்பில் ஒன்று மாட்டும். நாளைக்கு 200 வாசிப்பு என்றால் ஆறு நாளுக்கு ஒன்று. சோதனையில் டைமரை இரண்டு நொடிக்கு ஒருமுறை என்று வைத்தோம். நாலு எடைக்கு ஒன்று தவறாக வந்தது.

எடுத்த முடிவுகள்

மறுநாள் காலை முதல் வேலையாகக் கணினிச் சீட்டை நிறுத்தச் சொன்னோம். இண்டிகேட்டர் காட்டும் எண்ணைப் பார்த்துக் கையால் சீட்டு எழுதி, ஓட்டுநரும் மேடையறைக்காரரும் கையெழுத்திட வேண்டும் என்று ஏற்பாடு. வாசலில் வரிசை நீண்டது. கிடங்கு மேலாளர் கோபப்பட்டார். திருத்தும்வரை கணினியிலேயே போடலாம், சந்தேகம் வந்தால் மறுபடி அழுத்தலாம் என்றார் அவர். யாருக்கும் சந்தேகம் வராத தவறுகள்தான் ஆபத்தானவை என்று விளக்கியபோது ஒத்துக்கொண்டார்.

ஒவ்வொரு வாசிப்புக்கு முன்னும் பஃபரை வெறுமையாக்கிவிட்டால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்றார் இளைஞர். அது உண்மை, பழைய எடை அதோடு நின்றிருக்கும். ஆனால் பாதி வரி வந்தால் பாதி எண் சீட்டில் ஏறும். முன்கூட்டிய கொடிக்கு அது மருந்தே இல்லை. ஆகவே பஃபரை வெறுமையாக்குவதோடு மற்றவற்றையும் செய்தோம். நிலைத் தொகுதி கொடுத்தோம். முதலில் ஆர்-0, அது சரியென்றால் நிலைத் தொகுதியின் எண், அதுவும் சரியென்றால் எழுத்துக் கணக்கு இண்டிகேட்டர் அனுப்பும் வரியின் நீளத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்தோம். எடையை ஒரே ஒருமுறை எண்ணாக மாற்றி, அந்த எண்ணையே சீட்டுக்கும் பதிவேட்டுக்கும் கொடுத்தோம். டைமருக்குத் தனிக் கொடி.

நேரம் தீர்ந்தால் என்ன செய்வது என்பதில் எங்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. தானாக மூன்று நான்கு முறை முயலலாம் என்பது ஒரு பக்கம். அப்படிச் செய்தால் கேபிள் மெல்ல மெல்ல கெடுவது யாருக்கும் தெரியாமலே போகும் என்பது என் கட்சி. கடைசியில் ஒருமுறை மட்டும் தானாக முயல்வது, அதுவும் பதிவாக வேண்டும், பிறகும் வராவிட்டால் 'எடை வரவில்லை' என்று திரையில் காட்டிவிட்டுச் சீட்டு அச்சடிக்காமல் நிற்பது என்று தீர்மானித்தோம்.

சோதனையில் ஒரு சறுக்கல்

உயிர்ச் செய்தி அனுப்பும் சி பகுதியிலும் நிலைத் தொகுதி இல்லை. அதையும் சேர்த்தோம். மறுநாள் நிரல் அணுகல் மீறல் (தொடக்கூடாத நினைவிடத்தைத் தொட்ட பிழை) என்று சொல்லி விழுந்தது. விழுந்த இடம் தொடர்பே இல்லாத ஒரு கணக்குப் பகுதி.

அந்தப் பகுதி கியூஐஓடபிள்யூவை அல்ல, காத்திருக்காத கியூஐஓவைக் கூப்பிடுகிறது. நிலைத் தொகுதியை ஃபங்ஷனுக்குள்ளேயே உள்ளூர் மாறியாக வைத்துவிட்டோம். செய்தியை வரிசையில் போட்டதும் ஃபங்ஷன் முடிந்து திரும்பிவிடும். உள்ளூர் மாறிகள் தற்காலிகமாக இருந்த அதன் ஸ்டாக் இடம் அடுத்தவர் கைக்குப் போய்விடும். பிறகு செய்தி போய்ச் சேர்ந்ததும் கணினி நாங்கள் கொடுத்த முகவரியில் நேர்மையாக 8 பைட் எழுதும். அங்கே அப்போது வேறொருவர் குடியிருப்பார். பதிலைப் பெற்றுக்கொள்ளும் இடம், பதில் வரும்வரை இருக்க வேண்டும். தொகுதியை ஸ்டாட்டிக், அதாவது நிரல் ஓடும்வரை நிலைத்திருக்கும் மாறி, ஆக்கியதும் விழுவது நின்றது.

மற்ற அழைப்புகள்

இதோடு விடக் கூடாது என்று அந்தக் கணினியில் ஓடும் எங்கள் நிரல்கள் எல்லாவற்றிலும் சிஸ்டம் சர்வீஸ் அழைப்புகளைத் தேடி எடுத்தோம். பெரும்பாலும் சரியாகவே இருந்தன. ஒன்று மட்டும் இங்கே சொல்ல வேண்டியது. பதிவேட்டை இரவில் கணக்குப் பிரிவுக்கு அனுப்பும் சி நிரலை யூனிக்ஸ் பழகிய ஒருவர் எழுதியிருந்தார். அனுப்ப முடியாவிட்டால் 1 என்ற மதிப்போடு முடித்திருந்தார். யூனிக்ஸில் அது தோல்வி. வி.எம்.எஸ்.-இல் 1 சாதாரண வெற்றி. பேட்ச் வேலையில் பிழை நேர்ந்தால் எச்சரி என்று எழுதியிருந்த வரி ஒருநாளும் ஓடியிருக்கவே முடியாது.

கணக்குத் தீர்த்தது

பதிவேட்டில் அடுத்தடுத்து ஒரே எடை, வேறு வேறு வண்டி எண் என்று இருந்த வரிகளைத் தேடினோம். மேடையின் எடை 10 கிலோ படியில் நகரும் என்பதால் தற்செயலாகவும் அப்படி அமையலாம். நல்ல வேளையாக வண்டிகள் திரும்பத் திரும்ப வருபவை. ஒரு வண்டியின் வெறும் எடை ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். அதோடு ஒப்பிட்டதில் வெறும் எடையில் நேர்ந்த தவறுகள் தெளிவாகப் பிரிந்தன. லோடு எடையில் நேர்ந்தவற்றுக்கு வியாபாரியின் சொந்தச் சீட்டு, கிடங்கின் அன்றைய கணக்கு என்று தேட வேண்டியிருந்தது. சிலவற்றுக்கு விடை கிடைக்கவே இல்லை.

குறைவாகப் பெற்றவர்களுக்கு வித்தியாசத்தை ஆலை கொடுத்தது. கூடுதலாகப் போனதைத் திரும்பக் கேட்கவில்லை. சந்தேகம் தீராதவற்றை வியாபாரிக்குச் சாதகமாகவே முடித்தார்கள். கணக்குப் பிரிவு அம்மா இதற்காக நான்கைந்து நாள் மாலையில் கூடுதல் நேரம் இருந்து உட்கார்ந்தார். அவர் சீட்டையும் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவராக இல்லாதிருந்தால் இரண்டாவது வகைத் தவறு வெளியே வந்திருக்காது.

இப்போது செய்வதாக இருந்தால்

கேபிள் என்று தெரிந்த அன்றே கேபிளைப் பிடுங்கிப் பார்த்திருப்பேன். ஐந்து நிமிட வேலை. பிழைப் பதிவு காலியாக இருப்பதைத் தவறில்லை என்பதற்குச் சான்றாக எடுத்திருக்க மாட்டேன். திருகு தளர்ந்த கேபிளில் ஒரு பிழைகூடப் பதிவாகவில்லை என்பதே பெரிய சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். உயிர்ச் செய்திப் பகுதியைச் சேர்த்தபோது, அது எந்த நிரலோடு ஒட்டப்போகிறதோ அந்த நிரலைப் படித்திருப்பேன். மேடையறையில் 'திரும்ப அழுத்தும்' விசைக்கு ஆரம்பத்திலேயே ஒரு எண்ணிக்கை வைத்திருப்பேன். இப்போது அது ஒவ்வொரு தடவையும் பதிவாகிறது.

இது வி.எம்.எஸ்.-இன் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். லினக்ஸில் எழுதும் அழைப்பு வெற்றி என்று திரும்பினால், தரவைக் கெர்னல் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டது என்றுதான் பொருள். வட்டில் ஏறியதா என்பது பிறகு எஃப்சிங்க் சொல்லும். 2018-இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலர்கள் அதிலும் ஒரு பள்ளத்தைக் கண்டார்கள். எஃப்சிங்க் ஒருமுறை தோற்றபின் மறுபடி கூப்பிட்டால், எழுதப்படாத தரவு போனது போனதாகவே இருக்க, அது வெற்றி என்று சொல்லிவிடக்கூடும். அதன்பிறகு எஃப்சிங்க் தோற்றால் தரவுத்தளத்தை நிறுத்திவிட்டு, அது மாற்றங்களை முன்கூட்டி எழுதிவைக்கும் பதிவேட்டிலிருந்து மீட்டெடுப்பது என்று மாற்றிக்கொண்டார்கள். ஆல்ஃபா கணினிமுன் நின்றபோது எங்களுக்கு வந்த அதே கேள்விதான்.

லினக்ஸுக்கு மாறியபோது

சில ஆண்டு கழித்து எடை மேடை நிரலை லினக்ஸுக்கு மாற்றி எழுதினோம். இளைஞர் சியில் எழுதிய முதல் வரைவில், பழைய பழக்கத்தில், கடைசி பிட் 1 என்றால் வெற்றி என்று சொல்லும் மேக்ரோ (பெயரிட்ட ஒரு சின்ன நிரல் துண்டு) ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. வாசிக்கும் அழைப்பு லினக்ஸில் எழுத்துக் கணக்கைத் திருப்பும். இரட்டைப்படை எழுத்து வந்தால் மேக்ரோ அதைத் தோல்வி என்று சொல்லும். உண்மையில் தோற்றால் வருவது −1. இரும எண்ணில் −1-இன் எல்லாப் பிட்டும் 1. மேக்ரோவுக்கு அது அருமையான வெற்றி.

படித்துப் பார்க்கும்போதே அவர் கண்டுபிடித்து எடுத்துவிட்டார். ஆனாலும் புதிய கணினியை இணைத்த முதல் நாள் மாலை, மேடை காலியாக இருந்தபோது, முதலில் ஓர் எடை எடுத்தோம். பிறகு கேபிளைப் பிடுங்கி, விசையை அழுத்தினோம். 3 நொடி. மறுபடி 3 நொடி. திரையில் 'எடை வரவில்லை' என்று வந்தது. அச்சுப்பொறி அசையவில்லை.